ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா? பெரியப்பாவுக்குச் சொன்ன பதில்

போன மாதம் பெரியப்பா போன் செய்தார். அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இப்போது பிபி மாத்திரையும் சேர்ந்துகொண்டது. "ஊசி குத்தாமலே சுகர் காட்டுற வாட்ச் வந்திருக்காம்டா. ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாதான். வாங்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் பெரியப்பா என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம். அதே குழப்பத்தோடு கடை வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சர்க்கரை விஷயம். தோலைத் துளைக்காமல் தானே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் ஸ்மார்ட்வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. லட்சக்கணக்கில் விற்கும் பெரிய நிறுவனங்களின் வாட்ச்களிலேயே அந்த வசதி கிடையாது. புஜத்தில் ஒட்டிக்கொள்கிற சிஜிஎம் என்ற வில்லை வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் போகிறது, அளப்பது அந்த இழைதான். அந்த எண்ணை வாட்சில் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டுவதாகச் சொல்லும் மலிவு வாட்சை நம்பி ஒருவர் இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டால், சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சரி, அப்படியானால் வாட்ச் எதைத்தான் அளக்கிறது?

வெளிச்சத்தால் நாடி பார்ப்பது

எந்த ஸ்மார்ட்வாட்சையும் கழற்றிப் பின்பக்கம் திருப்பினால் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்க்கலாம். நாட்டு வைத்தியர் மூன்று விரலை வைத்து நாடி பிடிக்கிறாரே, அந்த வேலையை இந்த விளக்கு செய்கிறது. ரத்தம் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அது பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்வது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடும், அடுத்த நொடி குறையும். கூடும்போது பச்சை ஒளி அதிகமாக உறிஞ்சப்பட்டு, திரும்பி வருவது குறைகிறது. விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன உணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. எண்ணியதுதான் திரையில் இதயத் துடிப்பாக வருகிறது.

இது புரிந்துவிட்டால் வாட்சின் பலமும் பலவீனமும் தானாகவே புரியும். கை அசையாமல் இருக்கும்போது இந்த முறை நன்றாக வேலை செய்யும். கை வேகமாக ஆடும்போது, பட்டை தளர்வாக இருக்கும்போது, குளிரில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும்போது தடுமாறும். அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது சரியாகக் காட்டுகிற வாட்ச், பேட்மிண்டன் ஆடும்போது கண்டபடி காட்டுகிறது. மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, ஒளி கசியாத அளவுக்கு இறுக்கிக் கட்டினால் பாதிப் பிழை போய்விடும். அந்த இடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் அளவு தப்பலாம், பச்சையின் மையும் ஒளியை உறிஞ்சுகிறது.

ரத்தத்தில் ஆக்சிஜன் பார்ப்பதும் ஒளியால்தான். அங்கே சிவப்பும் அகச்சிவப்பும் பயன்படுகின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும், அந்த விகிதத்தை வைத்துச் சதவீதம் சொல்கிறார்கள். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி கண்ட வழி இது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அது இதன் வாரிசு. ஆனால் விரலில் மாட்டுவதில் ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் இருப்பதால் அப்படி ஊடுருவ வழியில்லை, தோலில் பட்டுத் திரும்புவதை வைத்தே கணக்கிட வேண்டும். அதனால் வாட்சின் ஆக்சிஜன் அளவை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறும்போது வாட்ச் 97 காட்டுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

நம்மைப் போன்ற கருநிறத் தோல்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையில் பயன்படுத்தும் ஆக்சிமீட்டர்களே, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததைக் கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டன என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020ல் எழுதினார்கள். தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது. மருத்துவக் கருவிக்கே இந்த நிலை என்றால் வாட்சுக்குச் சொல்லவே வேண்டாம்.

அளப்பது வேறு, ஊகிப்பது வேறு

திரையில் வரும் எல்லா எண்ணும் ஒரே மாதிரி எழுத்தில்தான் தெரியும். துடிப்பு 72, கலோரி 1,840, மன அழுத்தம் 31, தூக்கம் 84 மதிப்பெண் என்று வரிசையாக நிற்கும்போது எல்லாமே சம உண்மை போலத் தோன்றும். அது பெரிய தவறு. சில எண்கள் நேரடியாக அளக்கப்பட்டவை. சில, அளந்ததை வைத்து ஒரு கணக்கு போட்டு ஊகிக்கப்பட்டவை. ஸ்மார்ட்வாட்ச் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில், இருப்பதிலேயே துல்லியமான கருவி சராசரியாக 27 சதவீதம் தப்பியது. மோசமானது 93 சதவீதம். ஒரே வாட்ச், ஒரே கை, ஆனால் ஒரு எண்ணை நம்பலாம், இன்னொன்றை நம்பக் கூடாது. அதற்குப் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் உங்கள் உடல் எவ்வளவு சக்தியை எரித்தது என்பதை மணிக்கட்டிலிருந்து நேராகப் பார்க்க வழி கிடையாது. வயது, எடை, உயரம், துடிப்பு, அசைவு ஆகியவற்றைப் போட்டு ஊகிப்பதுதான். "400 கலோரி எரித்துவிட்டேன்" என்று ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டால் எடை எப்படிக் குறையும்?

தூக்கமும் அப்படித்தான். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதை வாட்ச் ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். ஆழ்ந்த தூக்கம் 52 நிமிடம், கனவுத் தூக்கம் 1 மணி 10 நிமிடம் என்று பிரித்துச் சொல்வதை நிமிடக் கணக்காக நம்ப வேண்டாம். தூக்கத்தின் கட்டங்களை மருத்துவமனையில் தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளை அலைகளைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர் வாட்சில் மதிப்பெண் குறைவாக இருப்பதைப் பார்த்துச் சோர்ந்துபோவதும், அந்தக் கவலையிலேயே அடுத்த இரவு தூக்கம் கெடுவதும் நடக்கிறது. 2017ல் மருத்துவ ஆய்வாளர்கள் இந்த நிலைக்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள். மதிப்பெண் உங்களை வாட்டுகிறது என்றால் இரவில் வாட்சைக் கழற்றி வையுங்கள்.

காலடி எண்ணிக்கை நம்பகமானதுதான், கையின் அசைவை உணரும் கருவி எண்ணுகிறது. ஆனால் எல்லோரும் பிடித்துத் தொங்கும் அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம் ஒரு ஜப்பானிய நிறுவனம் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள்படும் மான்போ-கெய் என்பது அதன் பெயர். விற்பனைக்கு வைத்த பெயர்தான் உலகமெங்கும் இலக்காகிவிட்டது. பெரியப்பாவின் மூட்டுக்கு ஐந்தாயிரம் போதும்.

இனி ஈசிஜி. இதை ஊகம் என்று ஒதுக்க முடியாது. வாட்சின் அடிப்பக்கம் ஒரு மின்முனை மணிக்கட்டைத் தொடுகிறது, மறுகையின் விரலால் பக்கவாட்டுத் திருகையோ விளிம்பையோ தொட்டு 30 விநாடி உட்கார்ந்தால் இதயத்தின் மின்னோட்டம் கோடாக வருகிறது. ஆப்பிள் 2018ல் நான்காம் சீரிஸில் இதைக் கொண்டுவந்தது. இது நன்றாகக் கண்டுபிடிப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பை. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது என்பதால் முன்கூட்டிக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே பெரிய உதவி.

இதிலும் அளவு தெரிந்து பேச வேண்டும். பச்சை விளக்கை மட்டும் வைத்து ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஸ்டான்ஃபோர்டில் சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம் பேரை வைத்து நடந்த ஆப்பிள் ஆய்வின் முடிவு 2019ல் வெளியானது. எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில், பிறகு நெஞ்சில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்குக் கோளாறு பதிவானது. இந்தக் கோளாறு வந்து வந்து போகும் என்பதால் மீதிப் பேருக்கு வந்ததெல்லாம் பொய் எச்சரிக்கை என்றும் சொல்லிவிட முடியாது. எச்சரிக்கை வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வராவிட்டால் எல்லாம் நலம் என்று முடிவு கட்டாதீர்கள். முக்கியமாக, மாரடைப்பை இந்த வாட்ச்கள் கண்டுபிடிக்காது. மருத்துவமனை ஈசிஜி பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது, வாட்ச் ஒரே கோணத்தில். நெஞ்சு வலிக்கும்போது வாட்சில் கோடு சீராக இருக்கிறதே என்று காத்திருந்தால் போன நேரம் திரும்பி வராது.

பிபியையும் வாட்சிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்பது பெரியப்பாவின் இரண்டாவது கேள்வி. சாம்சங் வாட்சில் ரத்த அழுத்தம் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் நாலு வாரத்துக்கு ஒருமுறை புஜத்தில் கட்டும் பிபி கருவியில் அளந்து வாட்சுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி எப்படியும் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் அதிலேயே அளந்துவிடலாமே? ஹுவாவே 2021 கடைசியில் வாட்ச் டி என்று ஒன்று கொண்டுவந்தது. அதன் பட்டைக்குள் காற்று ஏறும் பை இருக்கிறது, நிஜமாகவே இறுக்கி அளக்கும். ஆப்பிள் 2025ல் வேறு வழியில் போனது. 30 நாள் துடிப்புத் தகவலைப் பார்த்து உயர் அழுத்தம் இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லும், எண் தராது. எச்சரிக்கை வந்தால் ஒரு வாரம் பிபி கருவியில் அளந்து மருத்துவரிடம் காட்டச் சொல்கிறது. எனக்கு இந்த அணுகுமுறை பிடித்திருக்கிறது. தெரிந்ததை மட்டும் சொல்கிறது. பட்டையில் பையும் இல்லாமல், அளவுதிருத்தமும் கேட்காமல், தொட்டவுடன் 120/80 என்று காட்டும் மலிவு வாட்சிடம் அந்த நேர்மை கிடையாது.

சில வருடம் முன்பு நானே அப்படி ஒன்றை வாங்கினேன். சந்தேகம் வந்து ஒரு நாள் அதைச் சுருட்டிய துண்டின் மேல் கட்டினேன். துண்டுக்குத் துடிப்பு 74, ஆக்சிஜன் 98, பிபி 118/76. நல்ல வாட்ச்களும் சில நேரம் துணியின் மேல் துடிப்பு காட்டும், அது தெரிந்த குறைபாடுதான், ஒளி எதில் பட்டாலும் திரும்புமே. ஆனால் பிபி வரைக்கும் போனபோது, என் அம்மாவுக்கு அந்த வாட்சில்தானே ஆறு மாதம் பிபி பார்த்தோம் என்று நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

உங்கள் போன் எது?

நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பட்டியல் தானாகக் கழிந்துவிடும்.

2015ல் வந்த ஆப்பிள் வாட்ச் இன்று வரைக்கும் ஐபோனோடு மட்டும்தான் வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் அதை வாங்கிப் பயனில்லை. ஐபோன் வைத்திருப்பவருக்கோ அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. மற்ற நிறுவன வாட்ச்களை ஐபோனோடு இணைத்தால் செய்தியைப் படிக்கலாம், ஆனால் வாட்சிலிருந்தே பதில் அனுப்ப முடியாது, ஆப்பிள் அந்தக் கதவைத் திறந்து விடவில்லை. சாதாரண சீரிஸ் நாற்பதாயிரத்தைத் தாண்டும். எஸ்இ என்ற மலிவு வகை அதில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும், ஈசிஜி போன்ற சில வசதிகள் அதில் கிடையாது. முதல்முறை வாங்குபவருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

சாம்சங் முன்பு டைசன் என்ற சொந்த மென்பொருளில் ஓடியது. 2021ல் கேலக்ஸி வாட்ச் 4 வந்தபோது கூகுளின் வேர் ஓஎஸ்ஸுக்கு மாறியது, அத்தோடு ஐபோனுக்கான ஆதரவையும் விட்டது. எல்லா ஆண்ட்ராய்டு போனோடும் இணையும் என்றாலும் ஈசிஜியும் பிபியும் சாம்சங் போன் இருந்தால்தான் இயங்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். வேறு போன் வைத்திருந்து, ஈசிஜிக்காக சாம்சங் வாட்ச் வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூகுள் 2021ல் ஃபிட்பிட் நிறுவனத்தை 210 கோடி டாலருக்கு வாங்கி முடித்து, மறு வருடம் பிக்சல் வாட்சைக் கொண்டுவந்தது. அழகாக இருக்கும், ஃபிட்பிட்டின் அனுபவமும் அதில் இருக்கிறது. அதுவும் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான்.

கார்மினும் அமேஸ்ஃபிட்டும் இரண்டு வகைப் போனோடும் சேரும். நாளைக்குப் போனை மாற்றினாலும் வாட்ச் வீணாகாது. இது சிறிய விஷயம் இல்லை, நம் வீடுகளில் ஒருவரின் வாட்ச் இரண்டு வருடம் கழித்துத் தம்பி கைக்குப் போகும், தம்பியிடம் வேறு போன் இருக்கும்.

சார்ஜ்

ஆப்பிளின் சாதாரண சீரிஸ் வாட்ச் நீண்ட காலம் 18 மணி நேரம் என்றே சொல்லிவந்தது, 2025ல் வந்த சீரிஸ் 11 தான் 24 மணி நேரத்தைத் தொட்டது. சாம்சங்கும் பிக்சலும் ஒன்று, ஒன்றரை நாள். கார்மின், அமேஸ்ஃபிட், ஹுவாவே வாட்ச்களில் பல ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆப்பிளும் வேர் ஓஎஸ் வாட்ச்களும் கிட்டத்தட்ட ஒரு குட்டி போன். முழு இயங்குதளம், விதவிதமான செயலிகள், அதற்கு ஏற்ற சிப். மற்றவற்றில் ஓடுவது எளிய மென்பொருள், குறைந்த மின்சாரம் கேட்கும் சிப். ஒன்பிளஸ் 2024ல் தன் இரண்டாவது வாட்சில் இரண்டு சிப்பை வைத்தது. கனமான வேலைக்கு ஒன்று, எப்போதும் நடக்கும் சின்ன வேலைக்கு ஒன்று. வேர் ஓஎஸ் வைத்துக்கொண்டே 100 மணி நேரம் ஓடும் என்று சொன்னது.

தினமும் சார்ஜ் போடுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். இரவில் தூக்கம் அளக்க வேண்டும் என்றால் இரவில் சார்ஜ் போட முடியாது. அப்புறம் எப்போது போடுவது? குளிக்கும் நேரத்தில், சாப்பிடும் நேரத்தில் என்று ஒரு பழக்கம் ஏற்பட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி சார்ஜர் வேறு. ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டால் பக்கத்து வீட்டில் கடன் கேட்கவும் முடியாது. முதல் மாதம் ஆசையாகப் போட்டுவிட்டு மூன்றாம் மாதம் மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறவர்களில் பாதிப் பேர் சார்ஜ் போட மறந்ததில்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

ஓடுபவர்களுக்கு மட்டும் ஒரு தனிப் பேச்சு

அக்கா மகள் கடற்கரைச் சாலையில் ஓடுகிறாள், அரை மாரத்தானுக்குத் தயாராகிறாள். அவளுக்குக் கார்மின்தான் என்று யோசிக்காமல் சொன்னேன். 1989ல் ஜிபிஎஸ் கருவி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது, விமானத்துக்கும் படகுக்கும் வழி காட்டிக்கொண்டிருந்தது. 2003ல் ஓட்டக்காரர்களுக்காக ஃபோர்ரன்னர் வரிசையைக் கொண்டுவந்தது. அதன் பெரும்பாலான ஓட்ட வாட்ச்களில் ஐந்து பொத்தான்கள் இருக்கும். சென்னை வியர்வையில் தொடுதிரை படும் பாடு தெரிந்தவர்களுக்கு அந்தப் பொத்தான்களின் அருமை புரியும். ஈர விரலால் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்காமல், அழுத்தினால் கணக்கு நிற்கும். எம்ஐபி என்ற திரை உள்ள பழைய மாடல்கள் வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும், சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியே அவை படம் காட்டுகின்றன. வீட்டுக்குள் மங்கலாக இருக்கும். புதியவற்றில் பல இப்போது பளிச்சென்ற அமோலெட் திரைக்கு மாறிவிட்டன. இன்று எவ்வளவு ஓடலாம், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று கார்மின் சொல்வதும் ஊகம்தான். ஆனால் வாரக்கணக்கில் ஒரே ஆளைப் பார்த்து வரும் ஊகம் என்பதால் போக்கு தெரியும். பயிற்சியில் போக்குதான் முக்கியம். கட்டணச் சந்தா இல்லாமல் எல்லாம் தருகிறார்கள் என்று நெடுநாள் புகழ்ந்தோம். 2025 மார்ச்சில் கூடுதல் வசதிகளுக்கு அவர்களும் சந்தா தொடங்கிவிட்டார்கள். அடிப்படை வசதிகள் இன்னும் இலவசம்தான்.

அவ்வளவு பணம் இல்லை என்றால் அமேஸ்ஃபிட் பாருங்கள். ஷியோமிக்கு மி பேண்ட் செய்துகொடுத்த நிறுவனத்தின் சொந்தப் பெயர் அது. குறைந்த விலையிலும் வாட்சுக்குள்ளேயே ஜிபிஎஸ் உள்ள மாடல்கள் உண்டு. இந்த "உள்ளேயே" என்ற சொல் முக்கியம். மலிவு வாட்ச் பெட்டியில் ஜிபிஎஸ் என்று போட்டிருக்கும், ஆனால் அது உங்கள் போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குவதாக இருக்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் தூரத்தைக் காலடியை வைத்து ஊகிக்கும்.

இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்

நாய்ஸ், போட், ஃபயர்போல்ட் போன்ற நம் நாட்டுப் பெயர்கள் இந்த வாட்சைக் கல்லூரி மாணவர் கைக்கும் கொண்டுவந்தன. 2022ன் ஒரு காலாண்டில் உலகத்திலேயே அதிக ஸ்மார்ட்வாட்ச் விற்ற நாடாக இந்தியா இருந்தது என்றால் இவர்கள்தான் காரணம். 2024ல் அந்த விற்பனை சரிந்தது. வாங்கியவர்கள் இரண்டாவது முறை வாங்கவில்லை. எனக்குத் தெரிந்து சொல்கிற காரணம் எளிது: முதல் வாட்சில் கிடைக்காதது இரண்டாவதிலும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

ஆனாலும் இவற்றை மொத்தமாக ஒதுக்க மாட்டேன். மணி பார்க்க, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க, வண்டியை ஓரம் கட்டிவிட்டு மணிக்கட்டிலேயே ஒரு வார்த்தை பேச, காலடி எண்ண, மாத்திரை நேரத்துக்கு அதிர்வு வைக்க இவை போதும். உடல்நல எண்களை மட்டும் கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள். ஒரு விஷயம் பலரும் சொல்வதில்லை, வாட்சின் மிகப் பெரிய தினசரிப் பயன் அதிர்வுதான். பக்கத்தில் தூங்கும் குழந்தையை எழுப்பாமல் உங்களை மட்டும் எழுப்பும் அலாரம் வேறெதில் கிடைக்கும்?

டைட்டனும் ஃபாஸ்ட்ராக்கும் இந்த விலைக்குக் கொஞ்சம் மேலே விற்கின்றன. டைட்டன் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, ஓசூரில் வாட்ச் செய்த நிறுவனம். அதன் சேவை மையம் சின்ன ஊர்களிலும் இருக்கிறது. மலிவு வாட்ச் கெட்டால் தூக்கித்தான் போட வேண்டும் என்கிற நிலையில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

எத்தனை வருடம் உழைக்கும்?

கேசியோ எஃப்-91டபிள்யூ 1989ல் வந்தது, ஒரு பேட்டரியில் ஏழு வருடம் ஓடும். அந்தக் கணக்கில் ஸ்மார்ட்வாட்சைப் பார்க்க முடியாது. லித்தியம் பேட்டரி மூன்று, நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்றுவது எளிதில்லை. இன்னொரு ஆபத்து, அது நிறுவனத்தின் உயிரோடு கட்டப்பட்டது. 2012ல் பொதுமக்களிடம் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி வந்த பெபிள் என்ற வாட்சை நிறையப் பேர் உயிராக நேசித்தார்கள். 2016ல் ஃபிட்பிட் அதன் சொத்துகளை வாங்கியது, 2018ல் சேவை நிறுத்தப்பட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச்கள் பாதி ஊமையாகிவிட்டன. பயன்படுத்தியவர்களே கூடி ஒரு மாற்றுச் சேவை நடத்தி அவற்றைக் காப்பாற்றினார்கள். கூகுள் 2025ல் அந்த மென்பொருளைப் பொதுவில் வெளியிட்ட பிறகு, அதைத் தொடங்கியவரே மறுபடி அந்த வகை வாட்சைச் செய்கிறார். எல்லா வாட்சுக்கும் இப்படிப்பட்ட ரசிகர்கள் வாய்க்க மாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வரி: 5 ஏடிஎம் என்று போட்டிருந்தால் நீச்சல் குளத்துக்குப் போதும், ஐபி68 என்று மட்டும் இருந்தால் மழைக்கும் கை கழுவவும்தான். சோப்பும் வெந்நீரும் இரண்டுக்குமே ஆகாது. நம் ஊர் வியர்வையில் பட்டைக்கு அடியில் அரிப்பு வரும். தினமும் கழுவித் துடைத்துக் கட்டுங்கள்.

பெரியப்பாவிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "வாட்ச் ஒரு எண்ணைக் காட்டினா, அதை வெச்சு நீங்க என்ன செய்வீங்க?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டாக்டர்ட்ட காட்டுவேன்" என்றார். அப்படியானால் டாக்டர் ஏற்றுக்கொள்கிற எண்ணைக் கொண்டுபோவோம் என்று, புஜத்தில் கட்டும் பிபி கருவி ஒன்றும், ஏற்கெனவே இருந்த சுகர் மீட்டருக்குப் பட்டைகளும் வாங்கினோம். காலையும் மாலையும் எழுதி வைக்க ஒரு நோட்டு. அவர் கையில் இப்போதும் பழைய எச்எம்டிதான்.

அத்தைக்கு மட்டும் வேறு முடிவு எடுத்தோம். தனியாக இருக்கிறார், எழுபத்தி மூன்று வயது, போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒன்றரை மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். போன் கூடத்தில் இருந்தது. அவரிடம் ஐபோன் இருந்ததால், கீழே விழுந்ததை உணர்ந்து தானாக அழைக்கும் வசதியுள்ள ஆப்பிள் வாட்ச் எஸ்இயை, போன் பக்கத்தில் இல்லாதபோதும் பேசக்கூடிய இசிம் வகையாகப் பார்த்து வாங்கினோம். அவசர எண்ணாக என் எண்ணையும் எதிர்வீட்டு அக்காவின் எண்ணையும் போட்டிருக்கிறோம். வயதைச் சரியாகப் பதிந்து, அந்த வசதி இயங்குகிறதா என்று அமைப்புக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். தினமும் காலையில் காபி குடிக்கும் நேரத்தில் சார்ஜரில் வைக்கிறார். காபி ஆறுவதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிடாது, அதனால் செய்தித்தாள் படித்து முடிக்கும் வரை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.